மாயாவி வாசித்து வளர்ந்தவருக்கு அடுத்து எந்தப் புத்தகம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர், சின்ன வயதில் ராணி, லயன், முத்து என்று கைக்குக் கிடைத்த காமிக்ஸையெல்லாம் வாசித்தவர், நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வர ஆசைப்படுகிறீர்கள். 'உலகின் தலைசிறந்த கிராபிக் நாவல்கள்' என்று ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்து, அதில் முதலாவதாக இருந்த 'வாட்ச்மென்' புத்தகத்தை நல்ல காசு கொடுத்து வாங்கி, நாற்பது பக்கத்தோடு மூடிவைத்துவிட்டீர்கள். இப்போது ஐந்து புத்தகம் சொல்லச் சொல்கிறீர்கள். பதினொரு வயது மகன் மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, கேட்டு நச்சரிக்கிறான், கொடுக்கலாமா என்றும் கேட்கிறீர்கள். இதற்கெல்லாம் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'எனக்கு வயசு போயிட்டுதோ, இல்லாட்டி எனக்குத்தான் விளங்கேல்லையோ தெரியாது.' நீங்கள் உண்மையில் கேட்டது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். கொழும்பில் தமிழ்ப் பத்திரிகைகளின் சிறுவர் பக்கங்களுக்குப் படம் வரைந்தும் பக்கம் வடிவமைத்தும் பல வருடம் காலம் தள்ளியவன் நான். இப்போது வார இறுதிகளில் பிள்ளைகளுக்குச் சித்திரக்கதை வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் என் பதில் வரைகிறவனின் பக்கத்திலிருந்து வருகிறது. ஓர் இலக்கிய விமர்சகரைக் கேட்டால் வேறு ஐந்து புத்தகங்கள் சொல்லக்கூடும்.

உங்களுக்கு வயது போகவில்லை. வாட்ச்மென் மோசமான புத்தகமும் இல்லை. அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் மனதில் வைத்திருந்த வாசகர் வேறு ஆள், அவ்வளவுதான். அலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, 1986–87இல் 12 இதழ்களாக வந்த அந்தக் கதை, அமெரிக்க சூப்பர் ஹீரோக்களோடு போடுகிற நீண்ட சண்டை. முகமூடி போட்டுக்கொண்டு ராத்திரியில் தெருவில் இறங்குகிற ஒருவன் நிஜத்தில் எப்படிப்பட்டவனாக இருப்பான், அவனை நம்பி அரசாங்கம் நடத்தினால் என்ன ஆகும் என்று கேட்கிறது. சின்ன வயது முழுக்க சூப்பர்மேனும் பேட்மேனும் வாசித்துவிட்டு வருகிறவனுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குத்து விழும். நீங்களும் நானும் அந்த வீட்டுப் பிள்ளைகள் இல்லை. யாரோ ஒருவர் குடும்பத்துச் சண்டைக்கு நடுவில் போய் உட்கார்ந்தால் யார் யாரை ஏன் திட்டுகிறார்கள் என்று புரியாது, இல்லையா? அதுதான் உங்களுக்கு நடந்திருக்கிறது.

அப்படியென்றால் நாம் எந்த வீட்டுப் பிள்ளைகள்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து எதை வாசிப்பது என்பது இதில்தான் இருக்கிறது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி', 1962இல் வேலியன்ட் என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் தொடங்கிய கதை. அதற்குப் பெயர் வாங்கித் தந்த ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ ஒரு ஸ்பானியர். ஸ்பைடரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் இன்னொரு பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையான லயனிலிருந்து வந்தவர்கள். ஸ்பைடரை எழுதியவர்களில் ஒருவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெரி சீகல் என்பது ஒரு வேடிக்கை. அமெரிக்க சூப்பர் ஹீரோவின் தகப்பனே நமக்கு லண்டனைச் சுற்றித்தான் வந்து சேர்ந்திருக்கிறார். மாடஸ்டியும் ஜேம்ஸ் பாண்டும் லண்டன் நாளிதழ்களின் அன்றாடத் துண்டுத் தொடர்கள். டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். லக்கி லுக்கை 1946இல் உருவாக்கிய மோரிஸ் பெல்ஜியத்துக்காரர். நாம் கேப்டன் டைகர் என்று கொண்டாடியவர் பிரெஞ்சில் புளூபெரி. ராணி காமிக்ஸின் முகமூடி மாயாவி, மந்திரவாதி மாண்ட்ரேக், ரிப் கெர்பி ஆகிய மூன்று பேரும் அமெரிக்கர்கள்தான், ஆனால் அவர்களும் நாளிதழ்த் தொடர்களிலிருந்து வந்தவர்களே தவிர சூப்பர் ஹீரோ இதழ்களிலிருந்து வந்தவர்கள் இல்லை.

ஆக, நியூயோர்க்கில் வளர்ந்த ஒருவனுக்குக் கிடைக்காத ஒரு வாசிப்பு கொட்டாஞ்சேனையில் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஐரோப்பியச் சித்திரக்கதையின் பெரிய ஓவியர்களை, மங்கலான அச்சிலும் சாணித் தாளிலும் என்றாலும், பத்து வயதிலேயே பார்த்துவிட்டீர்கள். நீங்கள் நடக்க வேண்டிய பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. சூப்பர் ஹீரோ பக்கம் வேண்டுமானால் பிறகு ஒருநாள் போகலாம். அந்தப் பக்கம் நான் அதிகம் வாசித்தவன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் வழிகாட்ட வேறு ஆள்தான் சரி.

புத்தகங்களுக்குப் போகும் முன் வாசிக்கிற முறை பற்றி ஒரு விஷயம். இரும்புக்கை மாயாவி கதைகள் மூலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கமாக வந்தவை. அடுத்த வாரம் வரை பையனைக் கட்டிப்போட வேண்டும் என்பதால், இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு தடவை ஏதாவது வெடிக்கும், யாராவது பள்ளத்தில் விழுவார்கள். நாளிதழ்த் தொடர்கள் இன்னும் மோசம். ஒரு நாளைக்கு மூன்று கட்டம், அதில் முதல் கட்டம் நேற்று நடந்ததை ஞாபகப்படுத்தும், மூன்றாவது நாளைக்கு ஆசை காட்டும். இவற்றை வாசித்து வளர்ந்த கண்ணுக்கு, வசனம் எழுதிய பலூனிலிருந்து பலூனுக்குத் தாவுகிற பழக்கம் வந்துவிடுகிறது. எழுத்தை வாசிக்கிறோம், படத்தை 'சரி, சண்டை' என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறோம். என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளைவிட அவர்களைக் கூட்டிவருகிற அப்பாமாரிடம்தான் இந்தப் பழக்கத்தை அதிகம் பார்த்திருக்கிறேன். இந்த வேகத்தில் வாட்ச்மென் மாதிரி ஒரு புத்தகத்துக்குள் போனால் தலை சுற்றும். பக்கத்துக்கு மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டம் போட்டு, கதையில் பாதியைப் படத்தின் மூலைகளில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். அதனால் முதல் புத்தகமாக, படம் உங்களை நிறுத்திவைக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

என் முதல் சிபாரிசு ஷான் டானின் 'தி அரைவல்'. 2006இல் வந்தது. அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஒருவன் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுக் கப்பலேறி, எழுத்தும் விலங்கும் சாப்பாடும் எதுவுமே விளங்காத ஒரு நகரத்துக்கு வேலை தேடிப் போகிறான். பழைய குடும்ப ஆல்பத்தின் பழுப்பு நிறத்தில் பக்கங்கள் இருக்கும். அந்த ஊர் எழுத்தை டான் தானே கற்பனையாக உருவாக்கியிருக்கிறார், அதனால் எந்த நாட்டு வாசகருக்கும் அது விளங்காது. கதாநாயகன் திணறுகிற அளவுக்கு நாமும் திணறுகிறோம். டானின் தகப்பனார் மலேசியாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் போனவர். நம் வீடுகளில் ஒருவராவது இப்படிப் போயிருப்பார் என்பதால் நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. ஒருமுறை வேகமாகப் புரட்டினால் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்படிச் செய்யாதீர்கள். மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பாருங்கள். பிள்ளைகள் நம்மைவிட அதிகம் கவனிக்கிறார்கள் என்பதை வகுப்பில் பல தடவை கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள். கேப்டன் டைகரை ஷார்லியே எழுத, 1963இலிருந்து வரைந்தவர் ஜான் ஜிரோ. நீங்கள் வாசித்த கறுப்பு வெள்ளைப் பதிப்புகளில் அவருடைய வேலையில் பாதிகூடத் தெரிந்திருக்காது. பின்னாளில் லயன்-முத்து குழு வண்ணத்தில் கொண்டுவந்த டைகர் தொகுப்புகள், குறிப்பாக 'மின்னும் மரணம்', கிடைத்தால் வாங்குங்கள். பாலைவனத்தில் குதிரை மிதிக்கிற புழுதி, சாராயக் கடைக்குள் விழுகிற வெளிச்சம், சவரம் செய்யாத முகத்தில் வியர்வை என்று ஒவ்வொன்றையும் அந்த மனிதர் ரசித்து வரைந்திருக்கிறார். தொடக்க ஆல்பங்களில் டைகர் ஓரளவு சுத்தமான ராணுவ வீரன். போகப் போக மூக்கு உடைந்து, சட்டை கிழிந்து, பார்க்கவே பரிதாபமாக ஆகிவிடுவார். கோடும் கூடவே மாறிக்கொண்டு வரும். இதே ஜிரோதான் மோபியஸ் என்ற இன்னொரு பெயரில், எழுபதுகளில், ஒரு சொல்லும் இல்லாத 'அர்ஸாக்' போன்ற விநோதக் கனவுகளை வரைந்தார். ஒரே கை, இரண்டு கையெழுத்து. டைகரை விரும்பினவருக்கு மோபியஸ் பிடிக்கும் என்று உறுதி தரமாட்டேன். எனக்கே மோபியஸின் சில கதைகள் அழகான படங்களுக்கு மேல் ஒன்றுமில்லை என்றுதான் படுகிறது. ஆனால் நீங்கள் பத்து வயதில் பார்த்தது எப்படிப்பட்ட கை என்று விளங்க, ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

லக்கி லுக் பிடித்திருந்தால் ஆஸ்டெரிக்ஸ் தானாகப் பிடிக்கும். இரண்டின் சிறந்த காலத்துக்கும் எழுத்தாளர் கோசினிதான். டின்டினைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது, அவரும் இப்போது தமிழுக்கு வந்துவிட்டார். 'இரத்தப் படலம்' ஞாபகம் இருந்தால் அதை எழுதிய வான் ஹாமின் லார்கோ வின்ச், தோர்கல் இரண்டும் தமிழில் உண்டு. இவையெல்லாம் இனிப்பு. இதற்குப் பெரிய யோசனை தேவையில்லை.

கனமான பக்கத்துக்கு வருவோம். ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மாவுஸ்' எல்லாப் பட்டியலிலும் இருக்கும், இந்த விஷயத்தில் பட்டியல்கள் சொல்வது சரி. போலந்து யூதரான தன் தகப்பன் நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பிய கதையை, நியூயோர்க்கில் அந்தக் கிழவரின் வீட்டில் உட்கார்ந்து மகன் ஒலிப்பதிவு செய்கிறான். யூதர்கள் எலிகள், ஜெர்மானியர் பூனைகள். முதல் பாகம் 1986, இரண்டாவது 1991. 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. எலி, பூனை என்றதும் குழந்தைத்தனமாகத் தெரிகிறதா? நானும் புத்தகத்தைத் திறக்கும் முன் அப்படித்தான் நினைத்தேன். உள்ளே போனதும் என்ன நடக்கிறது என்றால், எல்லா எலிகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம் இருப்பதால், ஆளை அடையாளம் காண உடம்பின் சாய்வையும் பேசுகிற விதத்தையும் கவனிக்க வேண்டிவருகிறது. யூதர் ஒருவர் போலந்துக்காரராக நடிக்க வேண்டிய இடத்தில் பன்றி முகமூடி கட்டியிருப்பார், நூல் தலைக்குப் பின்னால் தெரியும். சோதனைச் சாவடியில் மொழியையும் நெற்றியையும் மாற்றிக்கொண்டு நின்ற எவருக்கும் அந்தக் கட்டத்துக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

வரைகிறவனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொதுவாக நாங்கள் பெரிதாக வரைந்து அச்சுக்குச் சிறிதாக்குவோம். சிறிதாக்கும்போது கோட்டின் நடுக்கம் மறைந்து எல்லாம் சுத்தமாகிவிடும். ஸ்பீகல்மன் அச்சாகும் அளவிலேயே, பேனாவால் வரைந்தார். அதனால் புத்தகம் ஒருவருடைய டயரி மாதிரி, கை பதறுகிற இடம் பதறியபடியே இருக்கிறது. அந்தத் தகப்பனை மகன் புனிதராக்கவும் இல்லை. கஞ்சர், பிடிவாதக்காரர், இரண்டாவது மனைவியைப் படுத்துகிறவர், கறுப்பினத்தவரைக் கண்டால் முகம் சுளிக்கிறவர். இத்தனை துன்பம் பட்டவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும் என்கிற நம் எதிர்பார்ப்பை அந்தப் புத்தகம் நிறைவேற்றவில்லை. 2022இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு பாடசாலைச் சபை இதைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு விற்பனை ஏறியது என்பது தனிக் கதை.

தமிழிலேயே வேண்டும் என்றால் இரண்டு புத்தகங்களை யோசிக்காமல் சொல்வேன். ஒன்று மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபோலிஸ்'. 'ஈரான்' என்ற தலைப்பில் விடியல் பதிப்பகம் தமிழில் கொண்டுவந்தது. ஈரானியப் புரட்சிக்குப் பிறகு பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தலையில் முக்காடு ஏறுவதிலிருந்து தொடங்கும். வெறும் கறுப்பும் வெள்ளையும், நடுவில் சாம்பல் நிறமே இல்லை. சத்ரபி பெரிய ஓவியர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எதை வரையாமல் விட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். குண்டு விழுகிற நாட்களில் வீட்டுக்குள் விருந்து நடக்கிறது, சிரிப்பு நடக்கிறது, பாட்டி பாட்டியாகவே இருக்கிறாள். யுத்தத்துக்குள் வளர்ந்த எவரும் அதை நம்புவார்கள்.

மற்றது காலச்சுவடு வெளியிட்ட 'பீமாயணம்'. அம்பேத்கரின் வாழ்க்கை, ஆங்கில மூலம் 2011. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்ட் பழங்குடி ஓவியத் தம்பதி. அவர்கள் செவ்வகக் கட்டத்துக்குள் அடைக்க மறுத்துவிட்டார்கள். பக்கம் முழுக்கக் கோலம் போல வளைகிற கோடுகள் கதையைப் பிரிக்கும். மென்மையாகப் பேசுகிறவரின் பலூன் பறவை வடிவத்தில் இருக்கும், சுடுசொல் பேசுகிறவரின் பலூனுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். சின்ன அம்பேத்கருக்குத் தண்ணீர் மறுக்கப்படும் பக்கங்களில் மீனும் குழாயும் கிணறுமாகத் தண்ணீரே படம் முழுக்க ஓடுகிறது. ஐரோப்பிய இலக்கணத்துக்கு வெளியே இந்தக் கலை என்ன செய்ய முடியும் என்று என் மாணவர்களுக்குக் காட்ட நான் முதலில் எடுப்பது இதைத்தான். வாழ்க்கை வரலாறாக எழுத்து கொஞ்சம் மெல்லியது, அம்பேத்கரை ஆழமாக அறிய வேறு நூல் வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது.

அடுத்தது ஜோ சாக்கோ. ஒரு பத்திரிகையாளன் புகைப்படக் கருவிக்குப் பதில் பேனாவோடு போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு 'பலஸ்தீன்' நல்ல தொடக்கம். ஆனால் எனக்கு அதைவிட 2009இல் வந்த 'ஃபுட்நோட்ஸ் இன் காஸா' பிடிக்கும். 1956இல் கான் யூனிஸ், ரஃபா ஆகிய இடங்களில் நடந்த கொலைகளைப் பற்றி, ஐம்பது வருடம் கழித்து, உயிரோடு இருக்கிற கிழவர்களிடம் கேட்டு எழுதியது. ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போகாத இடங்களை அவர் பூசி மெழுகவில்லை. இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்று இரண்டையும் காட்டிவிட்டு, எது வரை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள் என்று தனியாகச் சொல்கிறார். சாட்சியம் என்பதை எப்படிக் கையாள வேண்டும் என்று நம் நாட்டில் எழுதுகிறவர்களும் அதில் கற்கலாம்.

இதைச் சொன்னதும் நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: எங்களுடைய கதை? பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லிண்ட்சே பொலக் வரைந்து 2019இல் ஆங்கிலத்தில் வந்த 'வன்னி' இருக்கிறது. டிக்ஸ் ஐ.நா. ஊழியராகக் கிளிநொச்சியில் இருந்து, 2008 செப்டம்பரில் ஐ.நா. வெளியேறியபோது வெளியேறியவர். சாக்கோவின் பாணி அதில் பளிச்சென்று தெரியும். சுனாமியிலிருந்து இறுதி யுத்தம் வரை ஒரு குடும்பத்தைப் பின்தொடர்கிறது. குடும்பம் கற்பனை, சம்பவங்கள் பலருடைய வாக்குமூலங்களிலிருந்து கோத்தவை. அதாவது இது ஆவணம் என்பதைவிட ஆவணத்தின் மேல் கட்டிய புனைவு. அந்த வேறுபாட்டை மனதில் வைத்து வாசிக்க வேண்டும். என் கருத்தில் பதுங்கு குழி, இடம்பெயர்வு, கூட்டம் கூட்டமாக நடக்கிற பக்கங்கள் மிக நேர்மையானவை. வீட்டுக்குள் ஆட்கள் கதைக்கிற இடங்களில் மட்டும், வெளியிலிருந்து வந்து பார்த்தவரின் காது என்று தெரிகிறது. அங்கிருந்து வந்த உறவினர் வீட்டில் இருந்தால் மேசையில் போட்டுவைக்காதீர்கள். மகனுக்கும் இப்போது வேண்டாம்.

நம் ஊர்ப் பக்கம் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் தொடங்கிய 'சிரித்திரன்' சஞ்சிகையும் அதன் ஆசிரியர் சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் வரைந்த சவாரித் தம்பரும் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். நூலகம் இணையத்தளத்தில் பழைய சிரித்திரன் இதழ்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நான்கைந்து கோட்டில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவரை எழுப்பி நிறுத்துவது என்றால் என்ன என்று அங்கே பாருங்கள். சிங்களம் வாசிப்பீர்கள் என்றால் இன்னொரு கதவும் திறக்கும். எழுபதுகளில் சித்திரக்கதைக்கென்றே சிங்களத்தில் வாரப் பத்திரிகைகள் வந்தன, கமிலஸ் பெரேராவின் கஜமன் அந்தக் காலத்தின் பிள்ளை. தமிழில் நாம் சிவகாசியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில் பக்கத்துத் தெருவில் அவர்கள் சொந்தமாக ஒரு உலகத்தையே வரைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஏன் அப்படி ஒரு தொடர்ச்சி உருவாகவில்லை என்பதற்குச் சந்தை சிறியது, யுத்தம், இந்திய இதழ்கள் இலகுவாகக் கிடைத்தது என்று பல காரணம் சொல்வார்கள். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிற ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. அதனால் இதில் என் ஊகத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்குவதைப் பற்றி. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போன பிறகு வெளிநாட்டுப் புத்தக விலை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும், ஒன்றை வாங்கிச் சூடுபட்டிருக்கிறீர்கள். அதனால் தமிழ்ப் புத்தகங்களிலிருந்து தொடங்குவது பணத்துக்கும் நல்லது. செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள பூபாலசிங்கத்தில் விடியல், காலச்சுவடு வெளியீடுகளைக் கேட்டுப் பாருங்கள். லயன்-முத்துவுக்கு சென்னை போகிற யாரையாவது பிடிப்பதுதான் வழக்கம். ஆங்கிலப் புத்தகத்துக்கு செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கிற புத்தகக் கண்காட்சி வரை பொறுத்திருக்கலாம். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் அதிர்ஷ்டம் இருந்தால் ஆஸ்டெரிக்ஸும் டின்டினும் கிடைக்கும், ஆனால் வாங்கும் முன் பக்கங்கள் எல்லாம் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். கடைசிப் பக்கம் இல்லாத துப்பறியும் கதையைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃப் பற்றி உபதேசம் செய்ய வரவில்லை, எங்குமே கிடைக்காத பழைய இதழ்களுக்கு வேறு வழி இல்லை என்பது உண்மை. ஆனால் போனில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கி வாசித்தால் பக்கம் என்ற ஒன்றையே நீங்கள் பார்க்கவில்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே பார்வையில் பார்க்கும்படிதான் ஓவியன் திட்டம் போடுகிறான்.

கடைசியாக மகன். மாங்கா கொடுக்கலாம், தயங்க வேண்டாம். ஆனால் 'சிறுவர் மாங்கா' என்ற முத்திரையை நம்பி வாங்காதீர்கள். அது எந்தச் சஞ்சிகையில் வந்தது என்பதைச் சொல்கிறதே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. மனிதர்களை அரக்கர்கள் பிய்த்துத் தின்கிற 'அட்டாக் ஆன் டைட்டன்' வந்ததும் ஒரு சிறுவர் சஞ்சிகையில்தான், ஆட்களைப் பெயர் எழுதிக் கொல்கிற 'டெத் நோட்' வந்ததும் அப்படித்தான். ஆங்கிலப் பதிப்புகளின் பின்னட்டையில் வயதுக் குறியீடு இருக்கும், அதைப் பாருங்கள். அடுத்தது நீளம். 'ஒன் பீஸ்' 1997இல் தொடங்கி 100 பாகங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு பாகம் வாங்கிக் கொடுத்தால் நீங்கள் கடனாளி. வீட்டில் எல்லோரும் சிரிக்க 'யொட்சுபா' நல்லது, அதில் எந்தப் பாகத்திலும் தொடங்கலாம். வலமிருந்து இடமாக வாசிப்பது அவனுக்கு இரண்டு பக்கத்தில் பழகிவிடும், திணறப்போவது நீங்கள்தான். உங்களுக்கு மாங்கா வேண்டும் என்றால் ஜப்பானிய ஓவியர் டெசுகாவின் 'புத்தா', ஆங்கிலத்தில் எட்டு பாகம். சந்திக்குச் சந்தி புத்தர் சிலை இருக்கிற ஊரில் அதை வாசிப்பதே ஒரு தனி அனுபவம். சித்தார்த்தரைச் சுற்றித் திருடர்களையும் அடிமைகளையும் டெசுகா தன் கற்பனையில் சேர்த்து, நடுநடுவே கோமாளித்தனமும் செய்வார். பக்தியோடு எதிர்பார்க்கிறவருக்கு அது பிடிக்காமல் போகலாம். எனக்கு ஜப்பானிய மொழியோ பிரெஞ்சோ தெரியாது, எல்லாம் ஆங்கிலத்திலோ தமிழிலோ வாசித்ததுதான். அதனால் வசனத்தைப் பற்றி நான் சொல்வதைவிடப் படத்தைப் பற்றிச் சொல்வதை நம்புங்கள்.

அவன் மாங்காவுக்கு வெளியே வரவும் தயார் என்றால் ஜெஃப் ஸ்மித்தின் 'போன்' கொடுங்கள். மூன்று வெள்ளைக் குட்டி ஆட்கள் ஒரு பள்ளத்தாக்கில் வழிதவறி, ஒரு கிழவியின் பசு ஓட்டப் பந்தயத்திலிருந்து ஒரு பெரிய யுத்தம் வரை போய்ச் சேர்கிற கதை. 1991இலிருந்து 2004 வரை 55 இதழ்களாக வந்து, முழுதாக முடிந்துவிட்டது. கறுப்பு வெள்ளையில் 1300 பக்கத்துக்கு மேல் ஒரே தொகுப்பாகவும் கிடைக்கும், வண்ணத்தில் ஒன்பது பாகமாகவும் கிடைக்கும். ஸ்மித்தின் தூரிகைக் கோடு கறுப்பு வெள்ளையில்தான் வடிவாக இருக்கும் என்பது என் கட்சி. ஆனால் அந்தத் தொகுப்பு செங்கல் கனம், பதினொரு வயதுப் பிள்ளை படுத்துக்கொண்டு வாசிக்க முடியாது. வண்ணப் பதிப்பின் முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள், இரண்டாவதை அவன் கேட்டால் வாங்கலாம்.